டன்னிக்கனா டனாக்டனா? ஒரு போர்க்களத்தைத் தேடி ஸ்காட்லாந்துல ஆறு நாள்

மே 18, மீகிள்

ஊருக்குத் திரும்பி பத்து நாள் ஆச்சு, உடம்பு அலுப்பு இன்னும் போகல, டைரியில எழுதினதை நாள்வாரியா இங்க போடறேன். தங்கச்சி டண்டீயில டாக்டரா இருக்கா, மூணு வருஷமா கூப்பிட்டுட்டே இருந்தா. வந்தா எங்கக்கா போகணும்னு கேட்டா, பிக்ட் ஜனங்க இருந்த இடமெல்லாம் பாக்கணும்னு சொன்னேன். அது யாருன்னு கேட்டா. இப்ப ஸ்காட்லாந்துன்னு சொல்றோமே, அதோட கிழக்கு, வடக்குப் பக்கத்தை சுமார் ஆறாம் நூற்றாண்டுல இருந்து ஒன்பதாம் நூற்றாண்டு வரைக்கும் ஆண்டவங்க, கல்லுல அற்புதமா செதுக்கினவங்க, ஆனா தங்களோட சரித்திரத்தைத் தாங்களே எழுதின ஒரு புத்தகம் கூட நம்ம கைக்கு வந்து சேரல. நான் ஸ்கூல்ல சரித்திரம் நடத்துறவ, அலெக்ஸ் உல்ஃப்னு ஒரு ஆராய்ச்சியாளர் 2006-ல எழுதின இருபது பக்கக் கட்டுரை ஒண்ணைப் படிச்சதுல இருந்தே இந்த ஆசை. கி.பி. 685-ல வடக்கு இங்கிலாந்து ராஜா ஒருத்தனை பிக்டுகள் வெட்டிச் சாய்ச்ச போர் டன்னிக்கன்ல நடந்துச்சா, டனாக்டன்ல நடந்துச்சாங்கிறதுதான் அதுல வர்ற கேள்வி. அதைப் பத்தி அப்புறம் சொல்றேன்.

முதல் நாளே மழை. டண்டீயில இருந்து கார்ல அரை மணி சொச்சம், மீகிள்னு சின்ன கிராமம், பழைய பள்ளிக்கூடக் கட்டடத்துல மியூசியம். உள்ள 26 கல்லு. எல்லாமே இந்த ஒரு ஊர் சர்ச்சைச் சுத்திக் கிடைச்சது. 1869-ல அந்த சர்ச் எரிஞ்சப்ப அழிஞ்சதும் உண்டு. பெரிய கல்லு ரெண்டரை மீட்டர் இருக்கும், நடுவுல சிங்கங்களுக்கு மத்தியில பைபிள்ல வர்ற தானியேல் நிக்கறார், சிங்கம் எல்லாம் நாய்க்குட்டி மாதிரி அவர் மேல காலைப் போட்டுட்டு நிக்குது. ஊர்க்காரங்க ரொம்ப காலமா அது தானியேல் இல்ல, ஆர்தர் ராஜாவோட ராணியை மிருகங்க கிழிக்கிற காட்சின்னு கதை சொல்லிட்டு இருந்திருக்காங்க. எழுத்து இல்லாத இடத்துல கதை தானா வந்து உக்காந்துக்குது.

டிக்கெட் கொடுத்த அம்மாவுக்கு எழுபது வயசுக்கு மேல இருக்கும். நாங்க நனைஞ்சு வந்ததைப் பாத்துட்டு ஒண்ணும் கேக்காம ஹீட்டர் பக்கத்துல ரெண்டு நாற்காலியை இழுத்துப் போட்டாங்க. கிளம்பறப்ப ஒரு குடையை எடுத்து நீட்டி, யாரோ போன வருஷம் விட்டுட்டுப் போனது, நீ வச்சுக்கோன்னாங்க. ஆறு நாளும் அந்தக் குடைதான்.

மே 19, செயின்ட் ஆண்ட்ரூஸ்

தங்கச்சிக்கு டூட்டி, நான் மட்டும் பஸ்ல போனேன். டண்டீயில வெயில், பாலம் தாண்டினதும் கடல்ல இருந்து மூட்டம் வந்து எதிர்ல இருக்கிற வீடு தெரியல. இதுக்கு இங்க ஹார்னு பேரு, கிழக்குக் கடற்கரைக்கே உண்டானதாம். பாழடைஞ்ச பெரிய கதீட்ரலோட கோபுரம் பாதிக்கு மேல காணோம்.

கதீட்ரல் மியூசியத்துல 1833-ல தோண்டி எடுத்த கல்பெட்டி இருக்கு. தாவீது சிங்கத்தோட வாயைப் பிளக்கறார், அவர் உடுப்போட மடிப்பு ஒவ்வொண்ணும் துணி மாதிரியே விழுது. ஒரு மணி நேரம் அதுக்கு முன்னாடியே நின்னேன். இவ்வளவு செதுக்கத் தெரிஞ்சவங்களுக்கு எழுதத் தெரியாம இருக்குமா? தெரியும். எழுதினது நமக்கு வரல, அவ்வளவுதான்.

இந்த ஊர்ப் பல்கலைக்கழகத்துலதான் உல்ஃப் பாடம் நடத்தறார். நான் போய்ப் பாக்கல, பாக்கறதுக்கு நமக்கு என்ன உரிமை இருக்கு, அந்தத் தெருவுல நடந்ததே போதும்னு பட்டது. பிக்ட் ஆராய்ச்சின்னு ஒருத்தர் வாழ்க்கையைக் கொடுக்கணும்னா என்னென்ன வேணும்னு நடந்துட்டே யோசிச்சேன். லத்தீன் வேணும், பழைய ஐரிஷ் வேணும், பழைய ஆங்கிலம் வேணும், வெல்ஷும் தெரியணும், ஏன்னா பிக்டுகளைப் பத்தி எழுதினவங்க எல்லாம் வெளியாளுங்க. வடக்கு இங்கிலாந்துல இருந்த நார்த்தம்பிரியா ராஜ்ஜியத்துல உக்காந்து பீட்ங்கிற துறவி எழுதினது, அயோனா தீவுல மடத்துத் தலைவர் அடம்னான் எழுதினது, அயர்லாந்து ஆண்டுக்குறிப்புல இன்ன வருஷம் இன்னார் செத்தார்னு வர்ற ஒத்தை வரிகள். பிக்ட் பக்கத்துல இருந்து வந்ததுன்னு சொல்ல முக்கியமா இருக்கிறது ராஜாக்கள் பேர்ப் பட்டியல்தான். அதுவும் பின்னாடி காலத்துப் பிரதிகள். முக்கியமான ஒரு பிரதி பதினாலாம் நூற்றாண்டுல யார்க்ல தொகுத்தது, இப்ப இருக்கிறது பாரிஸ்ல.

அந்தப் பட்டியல்களை ஒவ்வொண்ணா எடுத்து, எது எதைப் பாத்து எழுதினது, எந்த எடத்துல கை மாறியிருக்குன்னு பிரிச்சு வச்சவங்க மார்ஜரி ஆண்டர்சன். அவங்க கணவரும் இதே துறை, அவருக்குப் பார்வை மோசம், கூடவே இருந்து படிச்சுக் கொடுத்து எழுதி, ரெண்டு பேருமா அடம்னானோட நூலைப் பதிப்பிச்சாங்க, 1961-ல. ராஜாக்கள் பட்டியல் பத்தின அவங்களோட சொந்தப் புத்தகம் 1973-ல வந்துச்சு. அப்புறம் வந்த எல்லாரும் அந்தப் புத்தகத்து மேல கால் வச்சுத்தான் நிக்கறாங்க.

பட்டியலோட ஆரம்பத்துல புருதெங்கிற ஒரே பேர்ல முப்பது ராஜாங்கன்னு கணக்கு வரும். புருதெ பந்த், புருதெ உர்பந்த், புருதெ லெயோ, புருதெ உலெயோ... ராத்திரி தங்கச்சிக்குப் படிச்சுக் காட்டினேன். வாய்ப்பாடு மாதிரி இருக்கேக்கான்னா.

மத்தியானம் மீனும் சிப்ஸும் 13 பவுண்டு. ஒரு ஆள் சாப்பிட முடியாத அளவு, பாதியை பெஞ்ச்ல பக்கத்துல இருந்த காலேஜ் பசங்களுக்கு நீட்டினேன், தயங்காம வாங்கிக்கிட்டாங்க.

மே 20, அபர்லெம்னோ, டன்னிக்கன்

இந்தத் தேதிக்காகத்தான் பயணத்தையே இப்படி வச்சேன். கி.பி. 685 மே 20, சனிக்கிழமை. நார்த்தம்பிரியா ராஜா எக்ஃப்ரித் படையோட வடக்க வர்றான், போகாதீங்கன்னு கத்பர்ட்ங்கிற பிஷப் உட்பட நெருங்கினவங்களே தடுத்தும் கேக்கல. பிக்டுகள் ஓடற மாதிரி போக்கு காட்டி உள்ள இழுத்து, அவனையும் படையில பெரும்பகுதியையும் வெட்டிச் சாய்ச்சாங்க. ஜெயிச்சவன் பேரு பிரிடெய், பிலியோட மகன். அதோட வடக்குல நார்த்தம்பிரியாவோட ஆதிக்கம் இறங்குமுகம்.

முதல்ல அபர்லெம்னோ. சர்ச் முற்றத்துல நிக்கிற கல்லு ஒரு பக்கம் சிலுவை, பின்பக்கம் சண்டை. குதிரைக்காரங்க, மூக்குக்குத் தடுப்பு வச்ச தலைக்கவசம், மூணு வரிசையா ஈட்டிக் காலாட்கள், கீழ வலது மூலையில விழுந்து கிடக்கிற ஒருத்தனைப் பறவை கொத்துது. இது அந்த 685 போர்தான்னு ரொம்ப பேர் சொல்வாங்க, டன்னிக்கன் இங்க இருந்து நாலஞ்சு மைல்தானே. ஆனா கல்லு அந்தப் போருக்கு ரொம்ப பின்னாடி காலத்ததுன்னு ஆராய்ச்சியாளர்கள் பல பேர் சொல்றாங்க, பேரும் எதுவும் வெட்டியிருக்கல. குளிர்காலத்துல இந்தக் கல்லுகளுக்கு மரப்பெட்டி போட்டு மூடிடுவாங்க, அதனால அந்தப் பக்கம் போறவங்க ஏப்ரலுக்கு அப்புறம் போங்க.

ஃபார்ஃபர்ல பிரைடின்னு ஒரு பண்டம், மாட்டுக்கறி வச்ச பெரிய சோமாசு மாதிரி. தங்கச்சி சாப்பிட்டா, ஒண்ணு மூணரை பவுண்டு. எனக்கு அவ காலையிலேயே எழுந்து புளிச்சோறு கட்டி எடுத்துட்டு வந்திருந்தா.

டன்னிக்கன் பத்துப் பதினஞ்சு வீடு, ஒரு சர்ச், போரை நினைச்சு ஒரு கல் மேடை. பின்னாடி பச்சையா ஒரு குன்று. புளிச்சோத்தைத் தின்னுட்டே சுத்திப் பாத்தேன். இந்த இடம்தான் போர்க்களம்னு ரொம்ப காலமா சொல்லிட்டு வந்ததை, 1948-ல டண்டீ கல்லூரியில இருந்த வெயின்ரைட் ஒரு கட்டுரையில நல்லா நிறுவினார், பழைய குறிப்புல போர்க்களத்துப் பக்கத்துல வர்ற, இப்ப வத்திப்போன ஏரி எங்க இருந்திருக்கும்னு நிலத்தை நடந்து பாத்து எழுதினார். பிக்டுகளைப் பத்தி அதுவரைக்கும் ஆளாளுக்கு அளந்துட்டு இருந்த கதைகளை ஒதுக்கிட்டு, ஆதாரம் எது, அனுமானம் எதுன்னு பிரிக்கச் சொன்னவர் அவர்தான். 1955-ல பல துறை ஆட்களைச் சேர்த்து அவர் கொண்டு வந்த தொகுப்புல இருந்துதான் இந்தத் துறை ஒழுங்காத் தொடங்குது. 1961-லயே போயிட்டார், சின்ன வயசு.

ஆனா பீட் எழுதினதை நான் மனப்பாடமா வச்சிருக்கேன்: எட்ட முடியாத மலைகளோட இடுக்குக்குள்ள ராஜாவை இழுத்துட்டுப் போனாங்கன்னு சொல்றார். இங்க நின்னு பாத்தா இடுக்கும் இல்ல, எட்ட முடியாததும் இல்ல, தங்கச்சி அந்தக் குன்றைப் பாத்து செருப்போடயே ஏறிடலாமேக்கான்னா. நாய் கூட்டிட்டு வந்த ஒரு பெரியவர் நின்னு பேசினார், எங்க இருந்து வர்றீங்க, இன்னிக்குத் தேதி தெரியுமான்னு அவரே கேட்டார். தெரிஞ்சுதான் வந்தோம்னு சொன்னதும் முகமே மாறிப்போச்சு, தொப்பியைக் கழட்டி கையில பிடிச்சுக்கிட்டு அந்த வயலைக் காட்டி, இங்கதான்னு சொன்னார். எதிர்த்துப் பேச எனக்கு மனசு வரல.

மே 21, டனாக்டன்

காலையில பெர்த் வழியா வடக்க. மன்த்னு சொல்ற மலைத்தொடரைத் தாண்டணும், ட்ரமாக்டர் கணவாயில மே மாசக் கடைசியில ஆலங்கட்டி மழை, வைப்பர் தள்ளத் தள்ள வெள்ளையா விழுது. வழியில ஒரு கடையில சூப்பும் ரொட்டியும் 6 பவுண்டு, அந்தக் குளிருக்கு அது அமிர்தம்.

உல்ஃப் விஷயத்தை இங்க சொல்லிடறேன். பிக்ட் ராஜ்ஜியங்கள்ல பெருசு ஃபோர்ட்ரியு. பிரிடெய் செத்த வருஷம் ஐரிஷ் குறிப்பு அவனை ஃபோர்ட்ரியு ராஜான்னே சொல்லுது. அது எங்க இருந்துச்சு? நூறு வருஷத்துக்கு மேலா எல்லாரும் சொன்னது தெற்க, பெர்த் பக்கம், ஸ்ட்ராத்எர்ன். அதுக்கு ஆதாரம்னு பாத்தா, பழைய நூல் ஒண்ணுல ஏழு பிரதேசம் வருது, கதையில பிக்டுகளோட மூதாதைக்கு ஏழு மகனுங்க வர்றாங்க, ரெண்டையும் ஜோடி சேர்த்துப் பாத்து மிஞ்சின பேரை மிஞ்சின இடத்துல வச்சிருக்காங்க. உல்ஃப் திரும்ப உக்காந்து படிச்சார். 934-ல இங்கிலாந்து ராஜா எதெல்ஸ்டன் படையெடுத்தப்ப தரைப்படை டன்னாட்டர் வரைக்கும் வெர்டர்மோரும் வரைக்கும் அழிச்சுதுன்னு ஒரு வரி இருக்கு. அந்த வெர்டர், ரோமர் காலத்து நூல்ல வர்ற வெர்டூரியோனஸ், ஐரிஷ்ல வர்ற ஃபோர்ட்ரியு எல்லாம் ஒரே பேரோட வேற வேற உச்சரிப்பு. அப்ப வெர்டர்மோரும்ங்கிறது ஃபோர்ட்ரியு பக்கத்து மலை. படை போன திசை வடக்கு. இது மாதிரி இன்னும் சில வரிகள் சேர, ஃபோர்ட்ரியு மன்த் மலைக்கு வடக்க, மோரே கடல் பக்கம்னு வந்து நிக்குது. பெரும்பாலான ஆராய்ச்சியாளர்கள் ஒத்துக்கிட்டாங்க. புதுசா ஒரு சுவடி கிடைக்கல, ஒரு கல்வெட்டு கிடைக்கல. இருந்த வரியையே திரும்பப் படிச்சு ஒரு ராஜ்ஜியத்தை மலைக்கு அந்தப் பக்கம் வச்சுட்டார். எனக்கு இதை நினைக்கறப்ப எல்லாம் உடம்பு சிலிர்க்கும்.

அப்படின்னா ஐரிஷ் குறிப்புல 685 போர் நடந்த இடம்னு வர்ற டூன் நெக்டன்கிற பேரும் டன்னிக்கன் மட்டும்தான்னு இல்ல, வடக்க டனாக்டன்னு ஒரு இடம் இருக்கு, அதே பேர்ல இருந்து வந்தது, அதுக்கும் அதே அளவு உரிமை உண்டு, பீட் சொல்ற மலை அங்கதான் இருக்குன்னு எழுதினார்.

கிங்க்ரெய்க் தாண்டி லாக் இன்ஷ் ஏரி ஓரமா வர்றப்ப ரோட்டுக் குழியில இறங்கி டயர் கிழிஞ்சுது. வாடகைக் கார், ஸ்டெப்னியே கிடையாது, டிக்கியில ஒரு பசை பாட்டில்தான் இருக்கு, கிழிசலுக்கு அது ஒண்ணும் பண்ணாது. போன் பண்ணா மூணு மணி நேரம் ஆகும்னாங்க, நாலு மணி நேரம் ஆச்சு, அதுக்கு மேல டயருக்கு 140 பவுண்டு. தங்கச்சி கண்ணு கலங்கிட்டா, அவதான் ஓட்டிட்டு வந்தா. உன் தப்பு இல்லடி, அழாதன்னு கையைப் பிடிச்சுட்டு இருந்தேன்.

ஆனா அந்த நாலு மணி நேரத்துலதான் அந்த இடத்தை முழுசாப் பாத்தேன். ஒரு பக்கம் ஏரி, அதை ஒட்டி சதுப்பு, எதிர்ல கெய்ர்ங்கார்ம் மலை உச்சியில இன்னும் பனி, இந்தப் பக்கமும் மலை, நடுவுல ஒரு கீத்து மாதிரி தரை. ஒரு படை இதுக்குள்ள வந்து ரெண்டு பக்கமும் ஆள் இறங்கிட்டா எங்க ஓடறது, ஏரிக்குள்ளயா? பீட்டோட வரியைத் தங்கச்சிக்குச் சொன்னேன். அவ எழுந்து நின்னு சுத்திப் பாத்துட்டு, நேத்து பாத்த இடம் இல்லக்கா, இதுதான்னா.

ஒரு ஆட்டுப்பண்ணைக்காரர் லாரியை நிறுத்தி, கார் வர்ற வரைக்கும் வீட்டுக்கு வாங்கன்னார். டீ, வெண்ணெய் ரொட்டி, அடுப்புப் பக்கத்துல நாய். எதுக்கு இந்தப் பக்கம்னு கேட்டார். எக்ஃப்ரித் பேரைச் சொன்னதும், ஆமா, எங்க ஏரிக்கரையிலதான் செத்தான்னார், பக்கத்து வீட்டுக்காரன் செத்ததைச் சொல்ற மாதிரி. நேத்து தொப்பியைக் கழட்டின பெரியவர் ஞாபகம் வந்துச்சு.

ஜேம்ஸ் ஃப்ரேசர் டன்னிக்கன் போருக்குன்னே 2002-ல ஒரு தனிப் புத்தகம் எழுதியிருந்தார். நாலு வருஷத்துல உல்ஃப் கட்டுரை வருது. ஒரு மனுஷனுக்கு அது எப்படி இருந்திருக்கும்? அவர் சண்டைக்குப் போகல. 2009-ல வந்த அவரோட பெரிய புத்தகத்துல ஃபோர்ட்ரியு வடக்கன்னு ஏத்துக்கிட்டார், ஆனா அதனாலேயே டன்னிக்கனை அவசரப்பட்டுத் தூக்கிப் போட வேண்டாம்னு தன் காரணத்தையும் சொன்னார். ஸ்காட்லாந்து வரலாற்று வரிசையில அது முதல் பாகம், 2007-லயே வந்துட்ட ரெண்டாம் பாகம் உல்ஃப் எழுதினது, ரெண்டும் ஒரே அலமாரியில பக்கத்துல பக்கத்துல நிக்குது. அப்புறம் ஃப்ரேசர் கனடாவுக்கு, குவெல்ஃப் பல்கலைக்கழகத்துக்குப் போயிட்டார்.

மே 22, பர்க்ஹெட்

வெயில்! பதினாறு டிகிரி, காத்து மட்டும் ஆளைத் தள்ளுது. பர்க்ஹெட் கடலுக்குள்ள நீட்டிட்டு இருக்கிற முனை, பிக்ட் காலத்துக் கோட்டைகள்லயே ரொம்பப் பெருசுகள்ல ஒண்ணு. ஃபோர்ட்ரியு வடக்கன்னா இதுதான் அதோட முக்கிய இடங்கள்ல ஒண்ணா இருந்திருக்கணும். பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தொடக்கத்துல துறைமுக ஊர் கட்டறப்ப கோட்டையில பாதிக்கு மேல இடிச்சு அந்தக் கல்லையே போட்டுட்டாங்க. காளை செதுக்கின பலகைக் கல்லு 30 போல கிடைச்சதுல இப்ப இருக்கிறது ஆறு. அதுல ரெண்டு இந்த ஊர்லயே இருக்கு. சில கோடுதான், ஆனா தோளும் தொடையும் திமிறிட்டு நிக்குது.

மிச்சம் எதுவும் இருக்காதுன்னு விட்டிருந்த இடத்தை 2015-ல இருந்து அபர்டீன் பல்கலைக்கழகத்து கார்டன் நோபிளும் அவர் ஆட்களும் தோண்ட, வீட்டுத் தரை எல்லாம் வெளிய வந்திருக்கு. பழைய கிணத்துக்கு இருபது படி போல இறங்கினேன், சில்லுன்னு இருட்டு, கல்லை வெட்டிக் குடைஞ்ச தொட்டியில தண்ணி அசையாம நிக்குது.

சாயங்காலம் கல்லன் ஸ்கிங்க்னு மீன் சூப் தங்கச்சிக்கு, 9 பவுண்டு, புகை போட்ட மீனும் உருளைக்கிழங்கும் பாலும். இந்தப் பயணத்துலயே நல்ல சாப்பாடு இதுதான்னா. ராத்திரி தங்க வேண்டிய வீட்டுல எங்க புக்கிங்கே இல்லைன்னுட்டாங்க. எதிர் வீட்டு அம்மா தன் மகளோட ரூமைத் திறந்து விட்டாங்க, காசு வாங்கல. பத்து மணிக்கும் வெளிச்சம், தூக்கம் வரல.

மே 23, போர்ட்மஹோமக், ஷாண்ட்விக்

மோரே கடலுக்கு அந்தப் பக்கம், ஈஸ்டர் ராஸ். இந்தப் பக்கத்தை முதல்ல கவனிக்கச் சொன்னவங்க இசபெல் ஹெண்டர்சன். கேம்பிரிட்ஜ்ல நோரா சாட்விக்கிட்ட ஆராய்ச்சி பண்ணவங்க. சின்னங்கள் செதுக்கின பிக்ட் கல்லுகள் முதல்ல தொடங்கின இடம் வடக்கதான்னு 1950-கள் கடைசியிலயே எழுதினாங்க. வழி வேற, அவங்க கல்லை வச்சு, உல்ஃப் வரியை வச்சு. 1967-ல பிக்டுகளைப் பத்தி அவங்களோட முதல் புத்தகம், 2004-ல கணவர் ஜார்ஜ் ஹெண்டர்சனோட சேர்ந்து பிக்ட் கலை பத்திப் பெரிய புத்தகம். நடுவுல 37 வருஷம்.

போர்ட்மஹோமக்ல பழைய சர்ச்சே மியூசியம். யார்க்ல இருந்து வந்த மார்ட்டின் கார்வர் 1994-ல இருந்து 2007 வரைக்கும் இங்க தோண்டினார். ஒரு பிக்ட் மடாலயம் வந்துச்சு, சுமார் 800 வாக்குல எரிஞ்சிருக்கு. அங்க என்னை உக்கார வச்ச விஷயம், கன்னுக்குட்டித் தோலை எழுதறதுக்குப் பதப்படுத்தின பட்டறை. தோலை இழுத்துக் கட்டற முளைகள், சுரண்டற கத்தி, எல்லாம் இருக்கு. ஏடு தயார் பண்ணியிருக்காங்க, அதுல யாரோ உக்காந்து எழுதியிருக்காங்க. அதுல ஒரு ஏடு கூட இதுதான்னு நம்ம கையில இல்ல. கண்ணாடிக்குப் பின்னாடி அந்தக் கத்தியைப் பாத்துட்டு எனக்குத் தொண்டை அடைச்சுக்குச்சு. தங்கச்சி ஒண்ணும் கேக்கல, பக்கத்துல வந்து நின்னா.

கடைசியா ஷாண்ட்விக். கடலைப் பாத்துட்டு மேட்டுல தனியா ஒரு கல்லு, 1846 புயல்ல விழுந்து உடைஞ்சதை நிமிர்த்தி வச்சு, இப்ப சுத்திலும் கண்ணாடிக் கூண்டு. போய்ச் சேர்றதுக்குள்ள மழை பிடிச்சுக்குச்சு, கண்ணாடி முழுக்க நீர், உள்ள இருக்கிற மானும் வேடனும் தண்ணிக்குள்ள அசையற மாதிரி தெரியுது. மீகிள் குடை ரெண்டு பேருக்குப் பத்தல.

இன்வர்னஸ் ஸ்டேஷனுக்குத் திரும்பற வழியில ரொம்ப நேரம் ரெண்டு பேரும் பேசல. பாலம் தாண்டறப்ப தங்கச்சி ஸ்டியரிங்ல விரலால தாளம் போட்டுட்டே மெதுவா ஆரம்பிச்சா, புருதெ பந்த், புருதெ உர்பந்த், புருதெ லெயோ, புருதெ உலெயோ. அடுத்தது என்னக்கான்னு கேட்டா. புருதெ கந்த், புருதெ உர்கந்த்னு எடுத்துக் கொடுத்தேன்.